வெப்பமும் வெப்பநிலையும்: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு பாடம்



நடுநிலை வகுப்புகளின் அறிவியல் புத்தகத்தில் வெப்பம் பற்றிய பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகளும் படிக்கிறார்கள். “வெப்பம் ஒருவகை ஆற்றல், அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும்” என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அதே பிள்ளையிடம், “காலையில் இரும்புக் கேட், மரக் கதவு இரண்டில் எது அதிகக் குளிர்ச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். “இரும்புக் கேட்தான்” என்று பதில் வரும். “கம்பளி சூடு தருமா?” என்றால் “தரும்” என்று சொல்லும். இரண்டும் தவறு. மனப்பாடம் செய்த வரியும் அன்றாடம் கையில் படும் சூடும் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஒன்று சேரவே இல்லை.

இதனால் வரும் நஷ்டம் மதிப்பெண்ணில் மட்டும் இல்லை. இடியாப்பச் சட்டியின் மூடியை முகத்துக்கு நேராகத் திறப்பது, வெயிலில் நிற்கும் காரில் “ஐந்து நிமிடம்தானே” என்று குழந்தையை விட்டுப் போவது, சுட்ட இடத்தில் பற்பசை தடவுவது என எல்லாமே வெப்பம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாததால் நேர்பவை. ஆகவே பள்ளிப் பாடத்துக்கும் பயன்பட்டு, வீட்டுப் பாதுகாப்புக்கும் உதவும்படி இந்தப் பாடத்தை வரிசைப்படுத்தித் தருகிறோம். விஞ்ஞானம் படித்த பெற்றோர்தான் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. அடுப்படியை அறிந்த எந்தத் தாயும் சொல்லித்தரலாம்.

தொடங்கும் முன்

முதலில் கேள்வியைக் கேளுங்கள். பிள்ளை தன் பதிலைச் சொல்லட்டும், தவறாக இருந்தாலும் திருத்த வேண்டாம். அடுத்துச் சோதனையைச் செய்யுங்கள். பாடநூல் சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். தான் சொன்னது பொய்த்துப் போவதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை மறக்காது.

கொதிநீரையும் அடுப்பையும் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை வெந்நீரில் விடக்கூடாது. அது ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும், அதற்கு மேல் போனால் உடைந்துவிடும். உள்ளே பாதரசம் இருந்தால் அதுவும் ஆபத்து. சோதனைகளுக்கு அறை வெப்பநிலை காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும்.

முதல் பாடம்: கை சொல்வதை நம்பலாமா?

மூன்று கிண்ணங்கள் எடுங்கள். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், நடுவில் குழாய்த் தண்ணீர். பிள்ளை ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மறு கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைக்கட்டும். பிறகு இரண்டு கைகளையும் ஒன்றாக நடுக் கிண்ணத்தில் விடட்டும். ஒரு கை “சுடுகிறது” என்னும், மறு கை “சில்லென்று இருக்கிறது” என்னும். தண்ணீரோ ஒன்றுதான்.

கை காட்டுவது ஒப்பீட்டை மட்டுமே என்பது இதில் விளங்கும். அதனால்தான் வெப்பநிலையை அளக்கக் கருவி வேண்டியிருக்கிறது. சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் நூறு பாகங்கள் கொண்ட அளவுகோலை அமைத்தார். அவர் நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். பின்னர் வந்தவர்கள்தான் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. செல்சியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டினால் பாரன்ஹீட் கிடைக்கும். 37 டிகிரி செல்சியஸ் என்பது 98.6 பாரன்ஹீட், இது உடலின் இயல்பான வெப்பநிலை. 38 என்பது 100.4. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டு முடிவு செய்யாமல் வெப்பமானி வைத்துப் பார்ப்பது ஏன் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். மூன்று கிண்ணங்கள்தான் அதற்குப் பதில்.

இரண்டாம் பாடம்: வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

ஒரு தம்ளர் கொதிநீரிலும் ஒரு வாளி இளஞ்சூட்டு நீரிலும் எதில் அதிக வெப்பம் சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் “கொதிநீரில்தான்” என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். தம்ளரில் 200 கிராம் தண்ணீர், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றினோம். 200 × 70 × 4.2 = 58,800 ஜூல். வாளியில் 15 லிட்டர், அதாவது 15,000 கிராம். 30-லிருந்து 40 டிகிரிக்குத்தான் ஏற்றினோம். 15,000 × 10 × 4.2 = 6,30,000 ஜூல். வாளி நீருக்குத்தான் பத்து மடங்குக்கும் அதிகமாக வெப்பம் கொடுத்திருக்கிறோம். குளிக்க வெந்நீர் போடும்போது கேஸ் ஏன் அவ்வளவு செலவாகிறது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

எவ்வளவு சூடு என்று காட்டுவது வெப்பநிலை. எவ்வளவு ஆற்றல் இடம் மாறுகிறது என்பது வெப்பம். தீக்குச்சியின் சுடர் கொதிநீரைவிடப் பன்மடங்கு சூடானது, ஆனாலும் ஒரு குச்சியால் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியாது. சிறு பிள்ளைகளுக்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

வெப்பம் ஒரு பொருளா என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். முற்காலத்து அறிஞர்கள் பலரும் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்றே எண்ணியிருந்தார்கள். ரம்ஃபோர்டு பிரபு என்பவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையைக் கவனித்தார். மழுங்கிய துளைப்பானைக் குதிரைகள் சுழற்ற, சுற்றியிருந்த தண்ணீர் நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது. பீரங்கிக்குள் அடைந்திருந்த திரவம் என்றால் அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே! வெப்பம் என்பது இயக்கம்தான் என்று 1798-இல் அவர் எழுதினார். உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள், அதே உண்மை விளங்கும்.

துகள்களின் இயக்கத்தைக் காட்ட, ஒரு தம்ளரில் குளிர்ந்த நீரும் மற்றொன்றில் வெந்நீரும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மை விடுங்கள். வெந்நீரில் மை விரைவாகப் பரவும். சூடு கூடினால் துகள்களின் ஓட்டமும் கூடுகிறது.

மூன்றாம் பாடம்: இரும்பு ஏன் சில்லென்று இருக்கிறது?

ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை எடுங்கள். ஒன்றை எவர்சில்வர் தட்டிலும் மற்றொன்றைச் சப்பாத்திப் பலகையிலும் வையுங்கள். எது முதலில் உருகும்? தட்டுதான் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது, ஆகவே தட்டில் உள்ளது மெதுவாக உருகும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. தட்டில் உள்ள கட்டிதான் முதலில் கரையும்.

தட்டும் பலகையும் ஒரே அறையில் இருந்தவை, இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். கை வைத்தால் கையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, அதனால் நமக்குச் சில்லென்று இருக்கிறது. ஐஸ் வைத்தால் தன் வெப்பத்தை விரைவாக ஐஸுக்குக் கொடுக்கிறது, அதனால் ஐஸ் உருகுகிறது. இதற்குத்தான் வெப்பக் கடத்தல் என்று பெயர். மரம் கடத்துவது மிகக் குறைவு. தோசைக்கல்லின் கைப்பிடிக்கு மரம் போடுவது ஏன் என்று இப்போது பிள்ளையே சொல்லிவிடும்.

அடுத்து ஓர் ஐஸ் கட்டியைக் கம்பளித் துணியில் சுற்றியும், இன்னொன்றைத் திறந்தும் வையுங்கள். சுற்றியதுதான் அதிக நேரம் தாங்கும். கம்பளி சூடு தருவதில்லை. வெப்பம் போவதையும் வருவதையும் தடுக்கிறது, அவ்வளவே. நம்மைப் போர்த்தினால் நம் வெப்பம் வெளியே போகாது. ஐஸைப் போர்த்தினால் வெளி வெப்பம் உள்ளே வராது. ஐஸ் வியாபாரிகள் பாளங்களை மரத்தூளிலும் சாக்கிலும் மூடுவதும் இதனால்தான்.

நான்காம் பாடம்: பிரியாணி தேக்சாவில் மூன்று வழிகள்

வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்பதைப் புத்தகத்தில் மூன்று படங்களாகப் போட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே தேக்சாவில் மூன்றையும் காட்டலாம்.

அடுப்பின் வெப்பம் தேக்சாவின் அடிப்பாகம் வழியாக உள்ளே செல்வது கடத்தல். அரிசி வேக வைக்கும் தண்ணீர் அடியில் சூடாகி மேலே வருவதும், மேலே உள்ள ஆறிய நீர் கீழே இறங்குவதும் வெப்பச்சலனம். கொதிக்கும் உலையில் அரிசி சுற்றிச் சுற்றி வருவது இதைக் கண்ணால் காட்டும். தம் போடும்போது மூடியின்மேல் கொட்டும் கங்குகளுக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடிக்கிறதே, அது கதிர்வீசல். அதற்கு நடுவில் ஒரு பொருளும் தேவையில்லை. சூரிய வெப்பம் வெற்றிடத்தைக் கடந்து நமக்கு வருவதும் இப்படித்தான்.

மூடியைச் சுற்றி மாவு ஒட்டுவது ஏன் என்று கேளுங்கள். ஆவி வெளியே போனால் அது சுமந்திருக்கும் வெப்பமும் போய்விடும். ஆவியை அடைத்தால், குறைந்த தணலிலேயே அரிசியும் கறியும் பக்குவமாகும்.

மூன்று வழிகளையும் தடுத்தால் என்ன கிடைக்கும்? பிளாஸ்க். ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892-இல் இதை உருவாக்கினார். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் கடத்தலும் சலனமும் நடவாது. சுவரில் வெள்ளிப் பூச்சு இருப்பதால் கதிர்கள் திரும்பிவிடும். நோன்புக் கஞ்சியைச் சூடாக வைக்கும் அதே பிளாஸ்க் ஐஸ் தண்ணீரையும் குளிர்ச்சியாக வைப்பது ஏன் என்பதைப் பிள்ளை விளக்கிவிட்டால், இந்தப் பாடம் முடிந்தது.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உறவு இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அங்கே போகும்போது ஒரு பாடம் காத்திருக்கிறது. பகலில் மணல் காலைச் சுடும், கடல் நீர் குளிர்ச்சியாக இருக்கும். ஒரே வெயில்தான், ஆனால் தண்ணீரைச் சூடாக்க மணலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். பாடநூல் இதைத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறது. நிலம் சூடாகி அதன்மேல் உள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வீசுகிறது. இரவில் நிலம் விரைவில் ஆறிவிடுவதால் காற்று திசை மாறிக் கடலை நோக்கிப் போகிறது. பாய்மரக் காலத்து மீனவர்கள் விடியலுக்கு முன் நிலக்காற்றில் புறப்பட்டு, பகலில் கடற்காற்றில் கரை திரும்பியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஐந்தாம் பாடம்: ஆவி ஏன் அப்படிச் சுடுகிறது?

ஐஸ் போட்ட தண்ணீரில் அறை வெப்பமானியை வையுங்கள். நன்றாகக் கலக்கிக்கொண்டே இருந்தால், ஐஸ் முழுவதும் கரையும்வரை வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். உள்ளே வரும் வெப்பமெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். இது உள்ளுறை வெப்பம்.

கொதிநீரும் அப்படியே. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் கேஸ் ஆவியாக வீணாகும். ஆகவே உலை கொதித்ததும் தீயைக் குறைத்துவிடலாம், சமையல் தாமதமாகாது. பிரஷர் குக்கரில் மட்டும் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரிவரை போகும், அதனால்தான் கறி சீக்கிரம் வேகிறது.

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37 டிகிரிக்கு ஆறினால் ஏறத்தாழ 265 ஜூல் வெப்பத்தை விடும். அதே 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் ஆவி பட்டால், முதலில் நீராக மாறும்போதே 2,260 ஜூல் விடும், பிறகுதான் அந்த 265. மொத்தம் ஒன்பது மடங்குக்கும் மேல். இடியாப்பச் சட்டியையும் புட்டுக் குடத்தையும் திறக்கும்போது மூடியை நம் பக்கமாகத் தூக்காமல், எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஆவியை வெளியே விட வேண்டும். அடுப்படியில் உம்மாவுக்கு உதவும் மகளுக்கும் மகனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டே காட்டுங்கள். “கவனம்” என்று நூறு தடவை சொல்வதைவிட அது பதியும்.

ஆறாம் பாடம்: மண்பானையும் வியர்வையும்

மின்விசிறிக்கு நேராக வெப்பமானியை வையுங்கள். வெப்பநிலை இறங்குமா? இறங்காது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. இனி வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வையுங்கள். சில நிமிடங்களில் வெப்பநிலை இறங்கும். நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தொட்டிருக்கும் பொருளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

மண்பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் இப்படித்தான் ஆவியாகி உள்ளே உள்ள தண்ணீரைக் குளிர்விக்கிறது. நம் உடம்பில் அந்த வேலையைச் செய்வது வியர்வை. காற்றில் ஈரப்பதம் கூடிய நாளில் பானை சரியாகக் குளிராது, நம் வியர்வையும் காயாது. அதனால் கடலோரப் புழுக்கத்தில் 35 டிகிரிகூட உடம்பை வாட்டிவிடும்.

வெயில் கடுமையாகி, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் போனால் உடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும். பேச்சு தடுமாறும், மயக்கம் வரும். இது வெப்பத் தாக்கு, உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டு சென்று, உடம்பை நன்றாக நனைத்து விசிறுங்கள். நனைப்பதும் விசிறுவதும் சேர்ந்தால்தான் ஆவியாதல் நடக்கும் என்பது இப்போது பிள்ளைக்கே தெரியும். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

மூடிய காரைப் பற்றியும் சொல்லுங்கள். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. அரை மணி நேரத்துக்குள் உள்ளே வெளியைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. சிறு பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். ஒரு நிமிட வேலை என்றாலும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது?

பாடம் முழுவதும் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. சுட்ட பொருளை எடுத்த பிறகும் தோலுக்குள் புகுந்த வெப்பம் அங்கேயே இருந்து ஆழமாகச் சேதம் செய்துகொண்டிருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டும். அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கூடியது தண்ணீர். ஆகவே சுட்ட இடத்தைச் சுமார் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். மோதிரம், வளையல், இறுக்கமான துணி இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம்.

பற்பசை, மை, மாவு, முட்டை, எண்ணெய் எதுவும் கூடாது. இவை வெப்பத்தை உள்ளேயே மூடி வைக்கும், கிருமியும் சேர்க்கும். ஐஸையும் நேரடியாக வைக்கக் கூடாது, அது தோலை மேலும் காயப்படுத்தும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தைக்குச் சுட்டிருந்தாலோ, முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ, கொப்புளம் பெரிதாக இருந்தாலோ தாமதிக்காதீர்கள்.

எந்த வயதுக்கு எவ்வளவு?

மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று கிண்ணங்கள், மைச் சொட்டு, ஐஸ் கட்டிகள், ஈரத்துணி ஆகியவை போதும். கலைச்சொற்களைத் திணிக்க வேண்டாம். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோதனையோடு கணக்கும் போட வேண்டும், ஒவ்வொன்றையும் நோட்டில் “நான் நினைத்தது, நடந்தது, காரணம்” என்று மூன்று வரிகளில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையிலுள்ள நேரமே தாராளம்.

முடிவில் பிள்ளையிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீடு ஏன் குளிர்ச்சியாகிறது?
2. கான்கிரீட் வீடு சூரியன் மறைந்த பிறகும் ஏன் அனலாக இருக்கிறது?
3. சூடான தேநீரைச் சாசரில் ஊற்றினால் ஏன் சீக்கிரம் ஆறுகிறது?
4. குக்கரின் ஆவி முழுவதும் அடங்கும் முன் மூடியைத் திறக்கக்கூடாது என்பது ஏன்?
5. தம்பி கையைச் சுட்டுக்கொண்டால் முதலில் எங்கே அழைத்துப் போவாய்?

நான்கு கேள்விகளுக்குப் பதில் தடுமாறினால் திரும்பச் சொல்லிக்கொடுக்கலாம், அவசரமில்லை. ஐந்தாவதற்கு மட்டும் யோசிக்காமல் “குழாயடிக்கு” என்று பதில் வரவேண்டும்.